இரண்டு கட்சிக்காரர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இன்றைக்கு என் பூண்டு லாரி வந்து நின்றால்தான் வத்தலக்குண்டு மண்டியில் விலையே பேசுவார்கள். படித்தவர்கள்கூடப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கே சின்ன வயதில் ஒரு சொல் தண்ணி காட்டியது.

அப்போது எனக்கு எட்டு வயது. கொடைக்கானலைத் தாண்டி, கூக்காலில் இருந்த எங்கள் ஒரே பூண்டு வயலைத் தன்னுடையது என்று ஓர் எஸ்டேட்காரர் வழக்குப் போட்டிருந்தார். வத்தலக்குண்டு வக்கீல்தான் நான்கு வருடமாக அதைக் காப்பாற்றி வந்தார். குடுமி, கடுக்கன், கறுப்புக் கோட்டு. இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பார். கோர்ட்டிலும் அதே பேச்சு, மேடையிலும் அதே பேச்சு. அந்த வருடத் தேர்தலில் நின்று ஜெயித்து சட்டசபை உறுப்பினராகிவிட்டார். அப்பாவோ, கூக்கால் வரைக்கும் பஸ் விடுவோம் என்று சொன்ன எதிர்க்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர்.

வாய்தாவுக்கு முதல் நாள், இனி நமக்கு யார் வாதாடுவார் என்ற பயத்தோடு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார். வக்கீல் வீட்டு வாசலில் ஒரே கூட்டம்.

“கட்சிக்காரங்க மட்டும் உள்ள போங்க,” என்றார் வாசலில் நின்றவர்.

அப்பா தயங்கினார். வக்கீல் அவரை எப்போதும் ‘நம்ம கட்சிக்காரர்’ என்று சொல்லிக் கேட்டவளாயிற்றே நான்!

“எங்கப்பா நாலு வருசமா கட்சிக்காரருதான்!” என்று கத்தினேன்.

“அப்ப நமக்கெல்லாம் மூத்தவருல்ல! வாங்கண்ணே, வெரசா வாங்க!”

மாலை போட்டு அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த மாலைக்குள் அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது.

வக்கீல் வந்தார். மாலையைப் பார்த்தார்.

“இவரு என் கட்சிக்காரரு. ஆனா நம்ம கட்சிக்காரரு இல்லப்பா.”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அப்பா மாலையைக் கழற்றப் போனார்.

“கெடக்கட்டும்யா. நாளைக்குத்தானே வாய்தா?”

“ஐயா, நாளைக்கு மெட்ராசு ரயிலு...” என்று இழுத்தார் ஒருவர்.

“ரயிலு நாளான்னைக்கும் ஓடும். என் கோட்டை எடுத்து வைங்க.”

மறுநாள் அவரே நின்று வாதாடினார். வயல் எங்கள் கையைவிட்டுப் போகவில்லை.

திரும்பி வரும்போது கொடைக்கானல் பஸ்ஸில் அப்பாவைக் கேட்டேன்: “அவரு சொன்னதுல எதுப்பா பொய்யி?”

“ரெண்டும் நெசந்தான் தாயி.”

அதெப்படி இரண்டும் நிஜமாகும்? அப்பா நன்றிக்காக மூடி மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். சட்டசபைக்குப் போனதும் வக்கீல் பொய் பேசப் பழகிவிட்டார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் காப்பாற்றிக் கொடுத்த வயலில் நின்றுகொண்டே.