முதல் கை

பெய்செனைவிட அவருடைய வலது கைக்கு ஊரில் பெயர் அதிகம். "முதல் கை வீடு எது?" என்று கேட்டால், அந்தப் புல்வெளி ஊரில் எந்தப் பிள்ளையும் நீலக் கதவு போட்ட வீட்டைக் காட்டும்.

அந்தப் பெயர் வந்ததே ஒரு அவசரத்தால்தான். கஜகஸ்தான் சோவியத்தாக இருந்த காலம். பெய்சென் அப்போது அரசுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டும் இளவட்டம். ஒரு கூட்டத்துக்கு வரும் வழியில் மாமன் வீட்டில் குதிரைப்பால் மோரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தார். பண்ணைத் தலைவர் மேடையில் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். பெய்செனுக்கோ அடிவயிறு கெஞ்சுகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல், வெளியே போக அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினார். சரியாக அந்த நேரத்தில்தான் தலைவர், "இத்தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"பாருங்க தோழர்களே! முதல் கை! இவனல்லவா உழைப்பாளி!"

மண்டபமே கைதட்டியது. கைதட்டல் ஓய்கிறவரைக்கும் பெய்சென் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார். மறுவாரம் கௌரவப் பலகையில் அவர் படம் ஏறியது. அந்தப் படத்திலும் முகம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து அது அவர் உத்தியோகமாகிவிட்டது. எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி. கதவோரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், அது ஒன்றுதான் அவர் வைத்த நிபந்தனை. குதிரைக் கொட்டிலை இடிக்கவும் கை தூக்கினார், அதே இடத்தில் குதிரைக் கொட்டில் கட்டவும் தூக்கினார். அவர் கை எழுந்தால் ஊரின் கைகள் எல்லாம் எழும். பிறகு ஒருநாள், அந்த நாடே இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். மண்டபத்தில் பழைய நாட்டுத் தலைவர் படத்தை இறக்கிவிட்டு அதே ஆணியில் புதுப் படத்தை மாட்டினார்கள். பெய்செனின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

"யோவ் கிழவா," என்பாள் அவர் மனைவி ரிஸ்தி, "என்னைப் பொண்ணு கேட்க வந்தப்ப எங்கப்பன்கிட்ட வாயத் தொறந்து கேட்டியா, இல்ல அங்கயும் கையத்தான் தூக்கிட்டு நின்னியா?"

"கையத்தான் தூக்கினேன். உங்கப்பன் என்னமோ உதவி கேக்கறான்னு நெனச்சு உன்னைக் குடுத்துட்டாரு."

மற்றபடி பெய்சென் யார் வம்புக்கும் போகாதவர். மகன் சாயாத் பள்ளிப் பேருந்து ஓட்டினான். மருமகள் மர்ஜான் கால்நடை மருத்துவர். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு நாயும் அவளைப் பார்த்துக் குரைக்காது. வாசலில் பசுக்களுக்கு ஊசி போடுகிற கைதான் வீட்டுக்குள் மாமனாருக்குத் தேநீர் ஊற்றும். கிண்ணத்தில் இரண்டு வாய் மட்டும் ஊற்றுவாள். குடித்ததும் வாங்கி மறுபடி இரண்டு வாய். மரியாதைக்குரியவர்களுக்கு அப்படித்தான் ஊற்ற வேண்டும். கிண்ணத்தைத் தளும்ப ஊற்றி நீட்டினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். கடைசியில் பெய்சென் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து பாத்தா சொல்வார். பாத்தா என்பது ஆசி. அவர் கை விரிந்தால் சுற்றி இருப்பவர்கள் கையும் விரிய வேண்டும். ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு எல்லோரும் எழுந்துவிட வேண்டும். வாயில் ரொட்டி இருந்தாலும் சரி, பாத்தாவுக்குப் பிறகு யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அதுவரை ஊர்த் தலைவர்கள் மாவட்டத்திலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். ஒரு வசந்தத்தில், இனி உங்கள் தலைவரை நீங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தகவல் மறுவாரம் வந்தது: ஒராஸ்பெக். பெய்செனின் சித்தப்பா பேரன், மாவட்டம் கடைசியாக அனுப்பி வைத்த தலைவனும் அவன்தான். அவன் காலத்தில் ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. அதற்கு இரண்டு முறை நாடா வெட்டித் திறப்பு விழா நடத்தினார்கள். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே மர்ஜான் சொன்னாள்.

"மாமா, ஊர்த் தலைவர் தேர்தலுக்கு நானும் பேர் குடுத்துட்டேன்."

பெய்சென் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒராஸ்பெக்குக்கு எதிராவாம்மா?"

"அவருக்கு எதிரா இல்ல மாமா. குழாய்ல தண்ணி வரணும். கன்னுக்குட்டிங்க சேத்துத் தண்ணியக் குடிச்சுட்டுக் கழியுது. நான் ஊசி போட்டு ஊசி போட்டுக் கை ஓஞ்சு போச்சு."

"அவன் உன் புருஷனுக்கு அண்ணன் முறை. அவன் பேரைக்கூட நீ சொல்லக் கூடாது. எப்படி எதிர்த்து நிப்ப?"

"பேரச் சொல்லாமத்தான் நிப்பேன்."

அதுவும் நடந்தது. அந்த ஊர் மருமகள்கள் புருஷன் வீட்டு மூத்தவர்கள் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த வருஷமே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிட வேண்டும். ஒராஸ்பெக்குக்கு மர்ஜான் வைத்தது 'வெள்ளைக் கார் அத்தான்'. ஊர் முழுக்க அது ஒட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போய், "வெள்ளைக் கார் அத்தான் நல்லவருதான், ஆனா கார்லேருந்து எறங்கினாத்தானே குழாய் கண்ணுக்குத் தெரியும்?" என்று மர்ஜான் சொன்னால் பெண்கள் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒராஸ்பெக்குக்காக ஓட்டுக் கேட்கக் கிளம்பிய அவன் தம்பிமார் மனைவிகளின் பாடு இன்னும் மோசம். "அவருக்குப் போடுங்க." "எவருக்கு?" "அவருக்குத்தான்!" என்று வாசல் வாசலாகத் தவித்தார்கள்.

மாவட்டத்துக்கு மூக்கு வேர்த்தது. கைரத் முராதோவிச் என்ற அதிகாரி ஒராஸ்பெக்கைக் கூட்டிக்கொண்டு நீலக் கதவு வீட்டுக்கு வந்தார். கதவுக்கு எதிரே, மூத்தவர்களும் விருந்தாளிகளும் உட்காரும் மேலிடத்தில் மெத்தை போட்டு உட்கார வைத்தார்கள்.

"பெய்சென் ஐயா, நாளைக்கு மண்டபத்துல கூட்டம். ஊர் ஒத்துமைக்காக உங்க மருமக விலகிக்கணும்னு தீர்மானம். வழக்கம்போல முதல் கை உங்களோடது. அவ்வளவுதான்."

"சொந்தத்துக்குள்ள எதுக்குப் பெரியப்பா போட்டி?" என்றான் ஒராஸ்பெக்.

"உங்க பையன் பேருந்து ஓட்டறாரில்ல?" என்றார் அதிகாரி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "நல்ல வேலை."

மர்ஜான் சமோவாரின் குழாயைத் திறந்து அதிகாரியின் கிண்ணத்தை நிரப்பினாள். விளிம்புவரை ஊற்றி, அதற்கு மேலும் ஒரு சொட்டு விட்டு, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். அறையில் எல்லோரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார்கள். நகரத்தில் வளர்ந்த கைரத் முராதோவிச் மட்டும், "தாராளமான கை!" என்று பாராட்டினார். ரிஸ்திக்குப் புரையேறியது.

அவர்கள் போன பிறகு மர்ஜான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, ஊரே கை தூக்கினாலும் நான் விலக மாட்டேன். ஆனா முதல் கை உங்களோடதா இருந்தா விலகிடுவேன். உங்களை மீறி நிக்கறதுக்கு எனக்கு மனசு வராது."

"சாயாத் வேலை?"

"அதையும் நெனச்சுத்தான் சொல்றேன். நீங்க எதச் செஞ்சாலும் எனக்கு வருத்தமில்ல."

அன்று பெய்சென் தட்டைத் தள்ளி வைத்தார். வலது கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. இளவட்டங்கள் பின்சுவரில் சாய்ந்து கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இதுவும் கை தூக்குவதுதானே என்று பெய்சென் நினைத்துக்கொண்டார். அதிகாரி ஒற்றுமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். மர்ஜான் கொஞ்சமாகப் பேசினாள். "வெள்ளைக் கார் அத்தான்" என்று அவள் ஆரம்பித்ததுமே சிரிப்பு கிளம்பி, ஒராஸ்பெக்கே தரையைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"சரி, சரி," என்று மேசையைத் தட்டினார் அதிகாரி. "மர்ஜான் விலகிக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்? பெய்சென் ஐயா!"

பெய்சென் எழுந்தார். வலது கை பழக்கத்தில் தானாகவே கிளம்பியது. இடுப்பைத் தாண்டியது, மார்புவரை வந்தது. மர்ஜான் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது இடது கையும் கிளம்பி வந்து வலது கையின் பக்கத்தில் நின்றது. இரண்டு உள்ளங்கைகளும் மெல்ல மேலே பார்த்துத் திரும்பின.

ஊருக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. பிறகு முன்வரிசைக் கிழவர்கள் கையை விரித்தார்கள். பெண்கள் விரித்தார்கள். பின்சுவர் இளவட்டங்கள் கைப்பேசிகளைப் பைக்குள் திணித்துவிட்டு விரித்தார்கள். ஒராஸ்பெக் விரித்தான். மேடையில் கைரத் முராதோவிச்சும், நகரத்துக்காரரானாலும் தாய் வளர்த்த பிள்ளைதானே, பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரித்தார்.

"ஆண்டவனே," என்றார் பெய்சென். "இந்த ஊர்ல நிக்கறவங்க எல்லாரும் நல்லா நிக்கட்டும். ஓடறவங்க நல்லா ஓடட்டும். கன்னுக்குட்டிக்கு வயிறு சரியாகட்டும். குழாய்ல காத்து வந்தது போதும், தண்ணி வரட்டும். பெத்தவங்களவிடப் பிள்ளைங்களுக்குத் தைரியம் ஜாஸ்தியா இருக்கட்டும். ஆமீன்."

"ஆமீன்!"

மண்டபம் முழுக்க முகத்தைத் தடவிக்கொண்டது. நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. எல்லோரும் எழுந்து தொப்பியைத் தேடினார்கள்.

"உட்காருங்க! கூட்டம் இன்னும் முடியல!" என்று கத்தினார் அதிகாரி.

"பாத்தா குடுத்தாச்சே தம்பி," என்றாள் ரிஸ்தி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "இதுக்கு மேல உக்காந்தா வெளங்காது."

முதலில் வெளியேறியவர் பெய்சென்தான். கதவோர நாற்காலி அல்லவா? மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பியவரைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் கேட்டார்கள்:

"என்னய்யா இது, உன் கைக்கு இன்னைக்கு என்ன வந்துது?"

"வெளிய போகணும்னு அன்னைக்கே கை தூக்கிக் கேட்டேன்," என்றார் பெய்சென். "இன்னைக்குத்தான் விட்டாங்க."

தேர்தல் நாளன்று, வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பெயர் இருந்த வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. திடீரென்று திரைக்கு மேலே ஒரு கை எழுந்தது.

"ஐயா, இங்க கை தூக்க வேண்டாம்! பேனாவால குறிச்சாப் போதும்!"

"தெரியும், தெரியும். அதுவா போகுது!"

யாருக்குப் போட்டார் என்று ரிஸ்தி கேட்டாள், மகன் கேட்டான், ஊரே கேட்டது. "ரகசியம்னு எழுதிப் போட்டிருக்காங்கல்ல?" என்றார். இத்தனை வருஷம் ஊர் பார்க்கக் கை தூக்கிய மனிதருக்கு ஒரு ரகசியம் கிடைத்திருந்தது. அதைப் புதுச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார்.

மர்ஜான் தோற்றாள். நூலிழையில்தான் என்று அவள் ஆட்கள் சொன்னார்கள், எண்ணியவர்கள் சொன்னது வேறு. எப்படியிருந்தாலும் ஒராஸ்பெக் பயந்து போயிருந்தான் என்பது மட்டும் நிஜம். முதல் உறைபனி விழுமுன் குழாயில் தண்ணீர் வந்தது. சாயாத்தின் வேலை போனது. ஆனால் அந்தக் கிழட்டுப் பேருந்தை வேறு எவனாலும் கிளப்ப முடியாததால் மறுமாதமே வந்து கூப்பிட்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கு முந்திய குளிர்காலத்தில் பெய்சென் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல். நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்த ஒராஸ்பெக், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மறுபடியும் நிக்கப் போறியாம்மா?"

"நிக்கறேன் அத்தான்."

அவன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். இரண்டு வாய்தான் இருந்தது. நிம்மதியாகக் குடித்தான்.

மர்ஜான் அடுத்த கிண்ணத்தை எடுத்து, பழக்கத்தில் இரண்டு வாய் ஊற்றி, மாமனார் உட்காரும் மேலிடத்து மெத்தைப் பக்கம் நீட்டினாள். வாங்க அங்கே கை இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கிண்ணத்தை அவள் ஒரு நாளும் தளும்ப ஊற்றியதில்லை. இருந்தும் அவர் எழுந்து போய்விட்டார்.