முப்பத்தெட்டாம் நம்பர் வீடு

எங்கள் தாமான் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். குருண் டவுனிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைக் காடு முடிகிற இடத்தில், லோரோங்கு என்று நாங்கள் சொல்லும் மூன்று சந்துகளில் நிற்கின்றன. இந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கமிட்டி. மாவட்ட அலுவலகத்தில் அதற்கு வைத்திருக்கும் மலாய்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நாங்கள் கமிட்டி என்றுதான் சொல்வோம். மொத்தம் ஏழு பேர், அதில் நான் செயலாளர்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் கோவிலுக்கும், பூசைக்குப் போகிறவர்கள் மாதா கோவிலுக்கும் போய் வந்து, பசியாறி முடித்த பிறகு பொது மண்டபத்தில் கூடுவோம். சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, யாரோ சோறு போட்டுப் போட்டு நாய்கள் பெருகிவிட்டன, இப்படித்தான் பேச்சு போகும். சண்டை தமிழில் நடக்கும். கூட்டக் குறிப்பை, மினிட்ஸை, மட்டும் மலாயில் எழுத வேண்டும். அதனால் என் நோட்டுப் புத்தகத்தில் எல்லோருமே தங்கமான மனிதர்கள். "உன் நாய்தான்டா என் சிலிப்பர தூக்கிட்டுப் போச்சு" என்று ஒருவர் மேசையைக் குத்தியது, மலாயில் "நாய்கள் குறித்துக் கருத்துகள் பரிமாறப்பட்டன" என்று ஆகிவிடும்.

பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பள்ளி விடும் நேரத்தில் பறந்துகொண்டிருந்த சாலையில் இரண்டு மேடு போட வைத்தது எங்கள் கமிட்டிதான். மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்ற மூன்றாவது லோரோங்குக்குப் பெரிய சாக்கடை வாங்கித் தந்ததும் நாங்கள்தான். இதையெல்லாம் செய்தவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்கள், பள்ளி வேன் ஓட்டியவர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் வீட்டு நம்பர்களைப் பற்றி. அதில் பெருமையும் உண்டு, எனக்குக் கொஞ்சம் அவமானமும் உண்டு.

நாங்கள் எல்லோரும் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே வரிசை வீடுகளாக இருந்த லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் வெள்ளைத் தகரத்தில் கறுப்பு நம்பர் இருக்கும். ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருந்ததால் பெயரைச் சொல்லி யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டாம் நம்பர் அக்கா, ஐம்பத்தேழாம் நம்பர் அண்ணன் என்றால் உடனே தெரியும். நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து முப்பத்தெட்டாம் நம்பர் மருமகள்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். புதிதாக வாங்கியவர் எங்களை ஒரே மாதத்தில் காலி பண்ணச் சொன்னார். கோவில் திடலில் கூட்டம் போட்டோம். என் வீட்டுக்காரர்தான் அப்போது எங்கள் ஆட்களுக்குத் தலைவர். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதுவானாலும் கை தூக்கி எண்ணுவோம். எண்ணி முடித்த பிறகு, தோற்றவர்களும் ஜெயித்தவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். மூலையில் நின்று முணுமுணுக்கக் கூடாது. மாற்று வீடு கையில் வரும்வரை நகர்வதில்லை என்று அன்று முடிவானது. போய்விடலாம் என்று கை தூக்கியவர்களும் எங்களோடு இருந்தார்கள். குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் ஆற்றிலிருந்து வாளியில் சுமந்தோம். கடைசியில் இந்த வீடுகள் கிடைத்தன. கடைசியாகக் காலி செய்த வீடு எங்களுடையது. அன்று என் வீட்டுக்காரர் கதவிலிருந்த தகரத்தைத் தன் கையால் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் மட்டுமா கழற்றினார்! புது வீட்டுக்கு வந்து பார்த்தால், ஊரே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மாவட்ட அலுவலகம் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை புது நம்பர் போட்டுப் பளபளவென்று தகடும் கொடுத்திருந்தது. அது அலமாரிக்குள் போய்விட்டது. வாசலில் பழைய தகரம் ஏறியது. தாளில் எங்கள் வீடு முதல் லோரோங்கில் ஐந்தாம் நம்பர். வாசலில் முப்பத்தெட்டு. பக்கத்து வீட்டில் பன்னிரண்டு, அதற்கடுத்து ஐம்பத்தேழு. நாற்பத்திரண்டே வீடுள்ள இடத்தில் ஐம்பத்தேழாம் நம்பர் வீடு வேறெங்கே இருக்கும்? தபால்காரர் உள்ளூர் மலாய்க்காரர், எங்கள் முகங்களை அறிந்தவர், அதனால் பல வருஷம் ஒரு குழப்பமும் இல்லை. பார்சல் கொண்டுவரும் பையன்கள்தான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். நாங்கள் சிரிப்போம்.

எங்கள் கமிட்டித் தலைவர் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ரிட்டயர் ஆனவர். எதிலும் ஒழுங்கு பார்க்கிற கத்தோலிக்கர். அவர் மூன்று கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தார். "தீ புடிச்சு ஒரு பொம்பா வண்டி வந்தா எந்த வீடுன்னு கண்டுபுடிப்பான்? மாத்திடுவோம்லா" என்றார். மூன்று தடவையும் அவரைக் கிண்டல் செய்தோம். அதிகம் கிண்டல் செய்தவள் நான். "தீ புடிச்சா பொக வருமில்ல அண்ணே, பொகயப் பாத்து வந்துடுவான்" என்றேன். மண்டபமே சிரித்தது. பிறகு மூன்று தடவையும் என் கையால்தான் மலாயில் எழுதினேன்: பின்னர் பேசப்படும்.

அது ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார், நெஞ்சைப் பிடித்தார், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். தாமான் பெயரைச் சொன்னேன். போனை எடுத்த பெண் மலாயில் வீட்டு நம்பர் கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். பல வருஷமாக நாக்கில் இருக்கிற நம்பர், வேறு எதைச் சொல்வேன்?

சைரன் சத்தம் வந்தது. வந்த சத்தம் எங்கள் லோரோங்கைத் தாண்டிப் போனது. தூரத்தில் போய் நின்றது. தாளில் உள்ள முப்பத்தெட்டாம் நம்பர் மூன்றாவது லோரோங்கின் கடைசிப் பக்கம். அந்த வீட்டு ஆட்கள் செமிலிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கேட்டைத் தட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ்காரர்கள் நிற்கிறார்கள், இங்கே இவர் மூச்சுக்குத் திணறுகிறார். நான் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடிக் கத்தினேன். என் சத்தம் கேட்டுத் தலைவர் கைலியோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர்தான் அந்த வண்டியைத் திருப்பிக் கூட்டி வந்தார். அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. தலைவர் போனதும் உள்ளே ஓடிவந்த நான், வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுதிய அந்த மூன்று வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்தார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். அதற்குள் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய், தலைவர் உட்காருவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். "நான்தான் சிரிச்சேன். நான்தான் எழுதினேன். தப்பு என்னுது. இனிமே இத தள்ளிப் போட வேணாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். தலைவர் "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார். அதற்காகவே அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிறகு வீடு வீடாகப் போனோம். அப்போதுதான் ஒரு நம்பருக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது. ஒருவர் இருபது வருஷமாகத் தன் வீட்டு நம்பரையே லாட்டரி எடுக்கிறார். மாற்றிய மறுவாரம் பழைய நம்பர் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். ஒரு அக்காவுக்கு, ஃபாதர் வந்து மந்திரித்த வீட்டு நம்பரை மாற்றினால் மந்திரிப்பு செல்லுமா என்று சந்தேகம். "ஃபாதர் வீட்டத்தான் மந்திரிச்சாரு, தகரத்த இல்ல" என்று தலைவரே தீர்த்து வைத்தார். இரண்டு நம்பரையும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது, மறுபடியும் அதே குழப்பம்தான் வரும் என்றோம். கடைசியில் நாற்பத்தொரு வீடு சம்மதித்தது.

சம்மதிக்காத ஒரு வீடு எங்களுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனிதர், "என் நம்பர்ல கை வெக்காதீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சாகப் பாத்தது நீங்க. உங்களுக்காகத்தானே ஊரே மாத்துது!" என்று கத்தினேன்.

"சாகலையே" என்றார். "ரெண்டு வருசம் தண்ணி தூக்கினோம். அந்த நம்பர வுட்டு எறங்க மாட்டேன்னுதானே ஒக்காந்திருந்தோம். இப்ப நானே கழட்டிக் குடுக்கணுமா?"

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுச் சொந்த வீட்டில் தோற்றுப்போய் நின்றேன். அவர் இல்லாதபோது கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தலைவரிடம் சொன்னபோது அவர், "அண்ணன்கிட்ட போயி கெஞ்ச வேணாம். கூட்டம் போடுவோம். கை தூக்குவோம்" என்றார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே மோட்டார் சைக்கிள்களின் மேல் உட்கார்ந்துகொண்டும் ஆட்கள் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மெதுவாக நடந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். புது நம்பருக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். வீட்டுக்கு ஒரு கை, நாற்பத்தொன்று. எங்கள் வீட்டுக் கை அவருடையது, நான் என் கையைப் பேனாவிலேயே வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்பவர்கள் என்றதும் அவர் ஒருவர் மட்டும் தூக்கினார். நேராகத் தூக்கினார். அவர் என்னைப் பார்த்து, "எழுதிக்கோ. ஒருத்தர் எதுத்தாருன்னு எழுது. என் பேரயும் போடு" என்றார். எழுதினேன்.

பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தார். மண்டபமே அவர் பின்னால் போனது. ஸ்குரூடிரைவரைக் கேட்டு வாங்கினார். தலைவர் உதவிக்குக் கை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினார். நெஞ்சு வலியில் விழுந்து எழுந்த மனிதர், நான்கு திருகாணியையும் தானே திருகி எடுத்தார். ஐந்து என்ற தகட்டையும் தானே மாட்டினார். எங்கள் லோரோங்கில் முதலில் மாறிய நம்பர் அதுதான். மாலைக்குள் நாற்பத்திரண்டு வீடும் மாறிவிட்டன. எனக்கு அன்று வந்த பெருமையை எந்த மொழியில் மினிட்ஸ் எழுதினாலும் அடக்க முடியாது. இப்படி ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேனே, இப்படிப்பட்ட ஆட்களுக்கு நடுவில் இருக்கிறேனே என்று நெஞ்சு விம்மியது.

ஆனாலும் மனிதர் லேசுப்பட்டவரா? தகட்டை மாட்டினாரே தவிர, ஐந்து என்று வாயால் சொல்ல மாட்டார். யாராவது வீட்டு நம்பர் கேட்டால், "மொத லோரோங்கு, கொய்யா மரம் வச்ச வீடு" என்பார். கிளினிக்கில் கேட்டால் என்னைக் காட்டுவார். நானும் விட்டுவிட்டேன். கை தூக்கிய கணக்குக்குக் கட்டுப்பட்டது கைதானே, நாக்குக்கு என்ன கட்டாயம்?

போன தைப்பூசத்துக்குப் பிறகு, ஒரு காலையில், மறுபடியும் நெஞ்சைப் பிடித்தார். நான் போனை எடுத்தேன். தாமான் பெயர் சொன்னேன். வீட்டு நம்பர் கேட்டார்கள். பயத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. முப்பது என்று நாக்கு ஆரம்பித்தது, நிறுத்தினேன், அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை. அந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

தரையில் கிடந்தவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"அஞ்சு" என்றார். "அஞ்சுன்னு சொல்லு."

சொன்னேன். வண்டி வேறெங்கும் போகவில்லை. நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது.