பகல் பத்து மணிக்கு டிரில்

“ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது சார்?”

எங்கள் ஊரப்பாக்கம் குடியிருப்புக்குச் சத்த விதிகளை நான் எழுதியபோது ஒருவர் கேட்டார். பத்துக்கு என்றேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம்.

இன்றும் காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் சுவரைத் துளைத்தார்கள். சத்தம் தாங்காமல் நானும் ஏறிப் போனேன். கீழ்வீட்டு நர்ஸ் செல்வி, இரவுப் பணி முடித்து வந்தவர், அங்கே கத்திக்கொண்டிருந்தார்.

“நிறுத்துண்ணா! மூணு நாளா தூக்கமே இல்ல. நேத்து வார்டுல ஊசி மருந்த மாத்தி எடுத்துட்டேன். பக்கத்துல இருந்தவ பாத்ததால தப்பிச்சேன்.”

டிரில்காரர் அசையவில்லை. “இன்னாம்மா பேஜாரு? போர்டப் பாரு. ரூல்படிதான் செஞ்சிகினு கீறோம்.”

செல்வி என் பக்கம் திரும்பினார். “ரூல் எழுதினது நீங்கதான சார்?”

கொஞ்ச நேரம் நிறுத்தும்படி டிரில்காரரிடம் கெஞ்சினேன்.

“ரெண்டு மணி வரைக்கும்தான் நிறுத்துவேன் சார். அப்புறம் ஒரு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டேன்.”

இதை எழுதும்போது ஒன்றே முக்கால். செல்வி தூங்கினாரா என்று கதவைத் தட்டியா கேட்பது?

உங்கள் குடியிருப்பில் பகலில் தூங்குகிறவர் யார் என்று இன்றே விசாரித்துப் பாருங்கள்.