மெஹர் பானு வீட்டுக் கொல்லைத் தரை

வளைகுடாவில் மகன் இருந்தால் கொல்லையில் மண் இருக்கக் கூடாது என்று காரைக்காலில் யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. தருமபுரத்தில் மெஹர் பானு வீட்டைச் சுற்றியிருந்த கொல்லைகள் எல்லாம் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக்கைப் போர்த்திக்கொண்டுவிட்டன. தோஹாவில் இருக்கும் மகன் அஜ்மீரும் பிடிவாதமாக நின்றான். "மழ பேஞ்சா வழுக்கி விழுந்துடுவீங்க உம்மா. கல்லப் பாவி நாற்காலி போட்டா சாயங்காலம் காத்தாட உக்காரலாம்" என்றான்.

அவளுக்கு விழுவதில் பயமில்லை. பயமெல்லாம் மருதாணிச் செடியைப் பற்றித்தான்.

அஜ்மீருக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். குறைமாதம், மூச்சே விடவில்லை. ஐப்பசி அடைமழையில், அடக்கம் செய்யும் மையவாடி முழுக்கத் தண்ணீர் நின்றது. கணவர் அல்லா பிச்சை பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொல்லையிலேயே அடக்கினார். அறையைவிட்டு வெளியே வரமுடியாமல் படுத்திருந்தவளிடம், "மருதாணிக்கிட்ட வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கண்மூடி மவுத்தாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

மெஹர் பானு மறக்கவில்லை. மறக்க அந்தப் பிள்ளை விட்டால்தானே! அந்தியில் மஃரிபு பாங்கு சொல்லும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தப் போனால், செடிக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும். "உம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவாள். பெருநாளைக்குக்கூட அந்தச் செடியில் ஓர் இலை பறித்ததில்லை. கேட்டு வருகிற பெண்களிடம், இது சிவக்காத சாதி என்று கூசாமல் பொய் சொல்வாள்.

கல் பாவ வந்த மேஸ்திரி சிவராமனிடம் முதல் வார்த்தையே அதுதான். "அந்தச் செடிகிட்ட மட்டும் மம்பட்டி படக் கூடாது, தம்பி."

"லெவல் கெட்டுடும்மா. கல்ல வெட்டி வெட்டிச் சேக்கணும்."

"கெடட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே செடியைச் சுற்றி இடம் விட்டார். பாத்திரம் தேய்க்கும் குழாயடிதான் அவருக்குப் பெரிய தலைவலி. வருஷக்கணக்கில் கழுவி ஊற்றிய தண்ணீர் ஊறி ஒரே சகதி. "இங்க ஆழமா எடுத்தாத்தான் கல்லு உக்காரும்" என்றார். "எவ்வளவு வேணாலும் எடுங்க" என்றாள் தாராளமாக. செடி தப்பித்த சந்தோஷம் அவளுக்கு. சகதி மண்ணை டிராக்டரில் ஏற்றித் தலத்தெருவில் ஏதோ பள்ள மனையைத் தூர்க்கக் கொண்டுபோனார்கள்.

கல் பரப்பி முடித்ததும் அதிரும் மெஷினை மேலே ஓட்டினார்கள். அது நிற்கும்வரை அவள் மருதாணிச் செடியருகே காவல் நின்றாள்.

மறுநாள் தரையைப் பார்க்கக் கொழுந்தன் மதார் சாகிப் வந்தார். நாலு பக்கமும் நடந்து பார்த்து, நல்லா இருக்கிறது என்று மெச்சினார். "அந்த மூலைய ஏன் மச்சி உட்டுட்டீங்க?" அண்ணன் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. குழி வெட்டுனதே நீங்கதானே."

மதார் சாகிப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க இல்ல மச்சி. செடியடில வேரு தடுத்துச்சு. கொழாயடிலதான் வச்சோம். தெனம் பொழங்குற எடம், தெரிஞ்சா அவ காலு வைக்க மாட்டா, சொல்லிடாதன்னாரு அண்ணன்."

அன்பாகச் சொன்ன பொய்தான். அந்த அன்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒன்றுமில்லாத செடியோடு பேசிக்கொண்டு, பெற்ற பிள்ளையின் மேல் எச்சில் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். மனிதர் உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

"ஆழமாத்தானே வச்சீங்க?"

"மழ மச்சி... வெட்ட வெட்டத் தண்ணி ஊறுச்சு. ஆழமா போக முடியல."

சாயங்காலம் அஜ்மீர் வீடியோவில் வந்தான். "நடுவுல போயி நில்லுங்க உம்மா, பாக்குறேன்" என்றான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

"எறங்குங்க உம்மா. அது வழுக்காது."

இத்தனை வருஷமாக அவனிடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"ஒனக்கு ஒரு அக்கா பொறந்தா, அஜ்மீரு. அவள இங்கதான் அடக்குனாங்க. இப்ப இதுக்குக் கீழ இருக்காளா, அள்ளிக் கொட்டுன மண்ணோட போயிட்டாளான்னு தெரியல. நான் எப்படிக் கால வைப்பேன்?"