சித்தப்பா சிரிக்கும் ஆண்டறிக்கை

அந்தப் புகைப்படத்தில் சித்தப்பா வாய் நிறையச் சிரிக்கிறார். அவர் கையை வங்கியின் பெரிய அதிகாரி பற்றியிருக்கிறார். பின்னால் சேறு காயாத பள்ளி வேன், அதன்மேல் வங்கியின் பச்சைப் பதாகை. வங்கியின் பளபளக்கும் ஆண்டறிக்கையில் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அறிக்கை வெளிவந்தபோது வேன் அவரிடம் இல்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. அந்தப் பக்கத்தை எப்படிச் செய்திருப்பார்கள் என்று நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அப்பாவின் தம்பியான அவர் அருகிலுள்ள கூலாயில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினார். வேன்காரர்களுக்குள் சச்சரவு வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. வேன் வாங்கக் கடனுக்கு ஏன் அந்த இஸ்லாமிய வங்கிக்குப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வட்டியே பாவம்னு சொல்றவங்கம்மா. சாமிக்குப் பயந்தவங்க நம்ம வயித்துல அடிக்க மாட்டாங்க லா" என்றார். வங்கியின் விளம்பரமும் ஏறக்குறைய இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்து மற்ற வேன்காரர்களும் அங்கேயே போனார்கள்.

பிறகு வெள்ளம் வந்தது. பள்ளிகள் மூடின. வேன்கள் இஞ்சின்வரை சேற்றில் நின்றன. வங்கிக்காரர்கள் அரிசி, பிஸ்கட் கூடைகளோடு ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்தார்கள். அதிகாரி சித்தப்பாவின் கையைக் குலுக்கி, கவலைப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்று மலாயில் சொன்னார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் கைகொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டால் காரியம் முடிந்ததென்று எடுத்துக்கொள்வார்கள். தேர்தல் காலத்தில் கோயிலுக்கு மானியம் வந்ததும் அப்படித்தான். முதலில் கைகுலுக்கலும் படமும், பின்னாலேயே பணம். ஆகவே அன்று சாயங்காலமே சித்தப்பா எல்லா வேன்காரர்களையும் கூப்பிட்டு, "தவணைய நிறுத்தி வச்சிட்டாங்க. ஸ்கூல் தொறக்கட்டும், அப்புறம் கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தவணையை ஒத்திவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். வங்கியிலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தபோது, அதெல்லாம் கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது என்று சித்தப்பா மடித்து வைத்தார். முதலில் அவருடைய வேனை இழுத்துப் போனார்கள், அடுத்தடுத்து மற்றவர்களுடையதை. நான் அவரை வங்கிக் கிளைக்கு அழைத்துப் போனேன். கைகுலுக்கிய அதிகாரி வேறு ஊருக்கு மாறிவிட்டிருந்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதுதான் எங்கள் மார்க்கமே என்றாள், தலை நிமிராமல். பாவம், அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

படத்துக்குக் கீழே அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: விண்ணப்பித்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் தவணை ஒத்திவைக்கப்பட்டது. அது உண்மை. எந்தத் தணிக்கையாளரும் அதில் குறை காண முடியாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை வண்டிகளை இழுத்தார்கள் என்று அறிக்கை முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. படிப்பவர் சித்தப்பாவின் சிரிப்பைப் பார்த்து மீதியைத் தானே நம்பிக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் இதைத் திறமை என்பார்கள். எனக்கு அதைத் திருட்டு என்றுதான் சொல்லத் தோன்றியது.

சித்தப்பா ஒவ்வொரு வேன்காரர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஒரு வீட்டில் கணவர் வெளியே வரவே இல்லை. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். திட்டவில்லை, அழவும் இல்லை. சாதாரணமாகத்தான் பேசினார்.

"பேங்க்கக் குத்தம் சொல்லி என்னண்ணே பண்றது? அவங்கள நாங்க நம்பவே இல்லையே. நீங்க சொன்னீங்க, அதான் நம்புனோம்."

சித்தப்பா தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. போன வாரம் அவரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, இந்த பஸ் செனாய்க்குப் போகுமா என்று அவரிடம் கேட்டார். ஆயுள் முழுக்க அந்தச் செனாய்ச் சாலையில் வேன் ஓட்டியவர், பஸ்ஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"டிரைவரையே கேட்டுக்குங்க" என்றார்.