கால் டாலருக்குக் கால் டாலர்

எல்டன் ரப்பர்ட் நல்ல மனிதர். டொலிடோவில் கார்களுக்குக் கண்ணாடி வார்க்கும் ஆலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தார். ஆலை அவரை வீட்டுக்கு அனுப்பும்போது ஓய்வூதியத்தோடு காது மந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தது. குடி இல்லை, சூதாட்டம் இல்லை, அக்கம்பக்கத்தில் ஒருவரோடும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் நாணயம் விற்கும் நீலக்கோட்டு ஆசாமி எதைச் சொன்னாலும் அவருக்கு அது வேதவாக்கு.

"இன்னும் நாப்பதே நாப்பது செட்டுதான் இருக்கு" என்பான் நீலக்கோட்டுக்காரன். எல்டனுக்கு இருப்புக் கொள்ளாது. போனில் பேசினால் காது கேட்காது என்பதால் மனைவி மார்லீன்தான் எண்ணைச் சுழற்றி, கார்டு நம்பரை வாசித்து, விலாசம் சொல்லுவாள். போனை வைத்த பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இது எதுக்கு எல்டன்?"

"நம்ம கடைசிக் காலத்துக்கு. பத்து வருஷத்துல பத்து மடங்காகுமாம்."

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது. சமையலறைக் கூரை ஒழுகியது. கீழே ஒரு வாளியை வைத்தார்கள். ஒரு தடவையாவது கரோலினா பக்கம் போய்க் கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது மார்லீனின் ஆசை. அது அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. மார்லீன் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒருநாள் அந்தப் போனைத் தூக்கி வாளிக்குள் போட்டிருந்தாலும் நான் அவள் கட்சிதான்.

போன பிப்ரவரியில் மார்லீனுக்குப் பக்கவாதம் வந்தது. எண்ணைச் சுழற்றிய அந்த வலது கை உட்பட வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். எல்டனுக்கோ எழுபத்தெட்டு வயது, முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஒரே மகள் அரிசோனாவில் இருக்கிறாள். ஆகவே மார்லீன் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டிலுக்குப் போனாள். அந்தக் கட்டிலுக்கு ஆகும் மாதச் செலவில் இவர்களுடைய சேமிப்பு நான்கு மாதம்கூடத் தாங்காது.

அரசாங்க உதவிக்கு மனுப் போடலாம். குடியிருக்கும் வீட்டையும் காரையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். மற்ற சொத்தெல்லாம் ஒரு வரம்புக்குள் இருந்தால் கட்டில் செலவை அரசு ஏற்கும். எல்டன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தின் படிவத்தை நிரப்பினார். "சேகரிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. எந்த மனிதனும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பான். நம்ம ஆள் யோசிக்கவில்லை. நாணயப் பெட்டிகளை இறக்கி, அவற்றோடு வந்த தங்கக்கரை போட்ட சான்றிதழ்களில் இருந்த விலைகளை எல்லாம் கூட்டி, ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர் என்று எழுதினார். உண்மையைச் சொன்னால், அதை எழுதும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய எண்ணைத் தன் பெயருக்கு நேரே அவர் அதுவரை எழுதியதே இல்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. சொத்து வரம்பை மீறியதால் மனு நிராகரிக்கப்பட்டது.

கையைப் பிசைந்துகொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கே வியாழக்கிழமைகளில் இலவச ஆலோசனை சொல்லும் வக்கீல், கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சான்றிதழ்ல இருக்கிறது அவன் வித்த விலைங்க. இன்னிக்கி என்ன பெறும்னுதான் கவுண்டி கேக்குது. தகுதியுள்ள மதிப்பீட்டாளர்கிட்ட எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கம்மியா வந்தா கட்டில் உங்களுக்கு."

"கம்மியா வராதும்மா" என்றார் எல்டன்.

ஐரீன் குபியாக் நாணயங்களை மதிப்பிடும் வேலையை முப்பது வருஷமாகச் செய்பவள். வாங்கவும் மாட்டாள், விற்கவும் மாட்டாள், மதிப்பு மட்டும்தான் எழுதிக் கொடுப்பாள். தூண்டில் சாமான் வைக்கும் பெட்டிகள் இரண்டில் எல்டன் கொண்டுவந்த காசுகளை அவள் விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

முதலில் எடுத்தது தங்க முலாம் பூசிய கால் டாலர்கள், மாநிலத்துக்கு ஒன்றாக ஐம்பது. எல்டன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது இருபத்துநாலு காரட். சான்றிதழ் கூடவே இருக்கு, பாருங்க."

"சான்றிதழ் என்ன சொல்லுது? காசு அசல்னு சொல்லுது. அசல்தான், நான் இல்லைங்கலை. அசலான கால் டாலர். கால் டாலருக்குக் கால் டாலர் போடுறேன்."

"அந்தத் தங்கம்?"

"மூச்சு விட்டா பறந்துடும்."

அடுத்து வண்ணம் அடித்த அரை டாலர்கள் வந்தன. எல்டன் விடவில்லை. முப்பதாயிரம்தான் அடித்தார்கள் என்றார். அச்சை உடைத்துவிட்டார்கள் என்றார். நீலக்கோட்டுக்காரனே தன் பேரனுக்கு ஒரு செட் எடுத்து வைத்திருக்கிறான் என்றார். ஐரீன் உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள்.

"மிஸ்டர் ரப்பர்ட், கேக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மதிப்பு கம்மியா வந்தாத்தானே உங்க வீட்டம்மாவுக்குக் கட்டில்?"

"ஆமா."

"அப்புறம் யார் பக்கம் பேசுறீங்க?"

முன்னால் நகர்ந்திருந்தவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். ஒவ்வொரு காசாக அவள் தட்டச்சு செய்யச் செய்ய, மார்லீனின் கட்டில் உறுதியாகிக்கொண்டே வந்தது. அந்த மனிதர் கரைந்துகொண்டே வந்தார். வெள்ளிக் காசுகளுக்கு எடைக்கு வருவது மட்டும். கறுத்துப்போன பழைய செப்புக் காசுகளுக்குச் சில்லறை.

பெட்டியின் அடியில் அவர் கடைசிக்கென்று வைத்திருந்தது ஒன்று இருந்தது. மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஸ்பானிஷ் காசு. இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கியது. ஐரீன் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டாள். அது பெரிய விலை போனால் கட்டில் போச்சு. போகாவிட்டால் இருபத்திரண்டு வருஷமும் போச்சு. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இது நிஜம்" என்றாள் ஐரீன். "உப்புத்தண்ணி அரிச்சிடுச்சு. நூத்திப் பத்து போடலாம்."

மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது டாலர்.

எல்டன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "ஒரு பத்தாயிரமாவது போட முடியாதாம்மா? பாக்க நல்லாருக்கும்."

ஐரீன் சிரிக்கவில்லை. "இது சத்தியம் பண்ணிக் குடுக்கிற காகிதம். உங்களுக்காக ஏத்தவும் முடியாது, அவங்களுக்காக இறக்கவும் முடியாது." தன் கூலியில் அவள் பாதியைக் குறைத்துக்கொண்டாள். அதை அவர் கவனித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

பத்து நாளில் கவுண்டி அலுவலகம் மனுவை ஏற்றுக்கொண்டது. பராமரிப்பு இல்லத்து வாசலிலேயே அலுவலகப் பெண் எல்டனைப் பிடித்துக் கை குலுக்கினாள். "நல்ல சேதி மிஸ்டர் ரப்பர்ட். இனிமே அவங்களை யாரும் அசைக்க முடியாது."

மார்லீன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காசுகளை மதிப்புப் போடக் கொண்டுபோயிருக்கிறார் என்பதுதான். எதற்கென்று அவர் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து அவள் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: காசை வித்துடு, ஆள் வெச்சுக்கலாம், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கடைசிக் காலம் வந்தாயிற்று, எடுத்து வைத்ததை எடுக்கச் சொல்கிறாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

"பாத்தாங்களா?" என்றாள் குழறலாக. அவர் குனிந்து நல்ல காதைக் கொடுத்தார்.

"பாத்தாங்க."

"எவ்வளவு?"

வரும் வழியெல்லாம் அவர் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தார். கூட்டிச் சொன்னால் அப்போதே கிளம்பலாம் என்பாள். உள்ளதைச் சொன்னால் அந்தக் கடல், அந்தக் கூரை, அவள் சுழற்றிய அத்தனை போனுக்கும் அவர் என்ன சொல்வார்? கடைசியில் பொய் சொல்ல வரவில்லை.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

மார்லீன் அவரைப் பார்த்தாள். அசையாத வலது பாதியை விட்டுவிட்டு இடது பாதி முகம் மெல்ல மலர்ந்தது.

"ஒவ்வொரு காசுமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தலைதான் ஆடியது, ஆமாம் என்று. அதை அவராலேயே தடுக்க முடியவில்லை.

"நீ சொன்னப்பல்லாம் நான் நம்பலை எல்டன்" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு இடது கையைத் தூக்கி அலமாரியைக் காட்டினாள்.

அலமாரியில் பிப்ரவரியில் அவள் போட்டு வந்த கோட்டு தொங்கியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எல்டன் அதை எடுத்து வந்தார். வராத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படியே செய்தார். பிறகு அவள் முன்னால் மண்டியிட்டு, கீழிருந்து மேலாகப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.