சாமிக்கு ஒரு பச்சைக் கொப்பு

எல்கடுவ மலைக்காடு எரிந்து பல வாரம் கழித்துத்தான் அண்ணியும் நானும் மேலே ஏறினோம். மானாப்புல் புதிதாகத் துளிர்க்கட்டும் என்று யாரோ வைத்த நெருப்பு. வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. மனசு சரியில்லை என்றால் சின்ன வயதிலிருந்தே நான் ஓடுகிற இடம் அது. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீர் வந்ததும் அங்கிருந்த ஊற்றிலிருந்துதான். தண்ணீர் இறங்கிவந்த ஹோஸ் குழாய் தீயில் உருகிப்போனது. ஊற்றும் வற்றிவிட்டது என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள்.

அண்ணனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் அண்ணியும் நானும்தான். கலேவெலயில் கடை வைத்திருக்கும் அண்ணியின் தம்பி தினமும் போன் எடுத்து, "தண்ணியில்லாத லயத்துல ஏன்க்கா கெடக்குறீங்க, இங்க வந்துருங்க" என்று நச்சரித்தார். அண்ணியும் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டார். அண்ணி இல்லாத வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியாது. ஒரு தடவை நாமே போய்ப் பார்ப்போம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

காட்டு விளிம்பில் அண்ணி நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கும் முன் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துச் சாமிக்குத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். சுற்றிலும் கரிதான். ஓர் இலை கிடையாது.

"கொப்பு இல்லாம நான் உள்ள வரமாட்டேன்."

"காடே எரிஞ்சு கெடக்குன்னு சாமிக்குத் தெரியாதா அண்ணி?"

"தெரியும். அதுக்காகக் கைய வீசிக்கிட்டா போறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே காட்டோரமாக இலை தேடி நடந்தேன். அண்ணியும் பின்னால் வந்தார். சாம்பலில் சறுக்கினேன், அண்ணியின் சேலையைப் பிடித்தேன், அவரும் என்மேல் விழுந்தார். எழுந்து பார்த்தால் இரண்டு பேர் முகமும் அடிப்பிடித்த சட்டி. சிரிப்பு தொடங்கியது, நிற்கவே மாட்டேன் என்றது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

அப்படியே தள்ளாடிப் போய் ஒரு பாறையைச் சுற்றினால், பின்னால் பள்ளத்தில் ஒரே ஒரு செடி, தளதளவென்று பச்சையாக. பாய்ந்தேன். கணுக்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன்.

"அண்ணி, சேறு."

"கழுவிக்கலாம், கொப்ப ஒடி."

"எதுல கழுவுறது? சேறு அண்ணி, சேறு!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் மண்டியிட்டுக் கையால் தோண்டினோம். முதலில் கறுப்பாக, பிறகு கலங்கலாக, பிறகு கண்ணாடியாகத் தண்ணீர். மேலே எரிந்து விழுந்த மரம் எதுவோ ஊற்றின் வாயை அடைத்திருக்க வேண்டும். தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி வந்திருந்தது. குடித்தோம், வாரி இறைத்தோம், தலையோடு நனைந்தோம். எனக்குச் சந்தோஷத்தில் பைத்தியம்தான் பிடித்தது.

அண்ணி மட்டும் நிதானமாகக் கொப்பை ஒடித்து ஒரு கரிக்கட்டையில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"தம்பி, நான் வரல. கடையில ஹோஸ் இருந்தா ஒரு சுருள் பஸ்ல போட்டு விடு. நீளமானதாப் பாத்துப் போடு."